எங்கள் பங்குக் கிணறு கணினிக்குள் போன கதை

கணினி அறைக்குள் போகுமுன் சப்பாத்தைக் கழற்றி வாசலில் அடுக்கவேண்டும். காலுறையைத் தாண்டி ஏறும் அந்தச் சீமெந்துத் தரையின் குளிர்... இன்றைக்கும் என் பாதத்தில் இருக்கிறது.

அப்போது பத்தாம் தரம். இப்போது உயர்தரம் படிக்கிறேன். இரண்டு வருடம்தான், ஆனாலும் தூரமாகத் தெரிகிறது.

பாடசாலைக் கண்காட்சிக்கு நானும் மதுராவும் எங்கள் ஊர்க் கிணறுகளின் வரைபடம் செய்தோம். திரையில் ஒரு கிணற்றைத் தொட்டால் அதன் சொந்தக்காரர், தண்ணீர் நன்னீரா சவரா, ஆழம் எவ்வளவு என்று வரவேண்டும்.

மதுரா அடுத்த வளவுக்காரி. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. நடுவால் மதில் போகிறது. பாதி எங்கள் பக்கம், பாதி அவர்கள் பக்கம். அவளுடைய அப்பா செல்வராசா மாமா தோட்டத்துக்கு இறைக்கக் கிணற்றில் மோட்டார் பூட்டிய நாளிலிருந்து அவரும் என் அப்பாவும் கதைப்பதில்லை. நாங்கள் இருவரும் மட்டும் விடியப்புறத்தில் மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று, கப்பிச் சத்தத்துக்கு நடுவே கதைத்துக்கொண்டிருந்தோம்.

படம் கீறுவது அவள் வேலை. கோட் எழுதுவது என் வேலை.

கிணற்று விவரங்களெல்லாம் சேர்வரில் பிஎச்பி மொழியில் ஓர் அணியாக, அதாவது வரிசையான பட்டியலாக, இருந்தன. அவற்றை பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொடுக்கவேண்டும். அணியை அப்படியே திரையில் எழுதச் சொல்லி எக்கோ பண்ணினேன். நாற்பது கிணறும் போய், அணி என்பதன் ஆங்கிலமான 'Array' என்ற ஒரேயொரு சொல் திரையில் நின்றது. மதுரா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு கிணற்றின் விவரத்தையும் நடுவில் கொமா போட்டு ஒரே நீள எழுத்துக் கயிறாக்கி அனுப்புவது. அந்தப் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட் கொமா கண்ட இடமெல்லாம் வெட்டிக்கொள்ளும். வேலை செய்தது! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கண்காட்சிக்கு முதல்நாள் மதுரா எங்கள் கிணற்றைத் தொட்டாள்.

சொந்தக்காரர்: தங்கராசா. அது என் அப்பா. தண்ணீர்: செல்வராசா. ஆழம்: நன்னீர்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்கடை அப்பா சொந்தக்காரர் இல்லையோ?"

"ரெண்டு பேரையும்தானடி போட்டனான்..."

"உங்கடை வீட்டிலை சொல்லித்தான் செய்தனி, என்ன?"

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்தநாள் விடியப்புறம் மதிலுக்கு அந்தப் பக்கம் கப்பிச் சத்தம் கேட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன். சத்தம் நின்றது. பிறகு வாளியோடு காலடி வீட்டுப் பக்கம் போனது.

கண்காட்சி பத்து மணிக்கு. ஏழு மணிக்கே கணினி அறைக்குப் போய், நூலகத்தில் எடுத்த அட்டை கிழிந்த ஆங்கில புரோகிராமிங் புத்தகத்தை அகராதியோடு வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். பிழை பிடிபட்டது. பங்குக் கிணறுகளுக்கு நானே இரண்டு பெயருக்கு நடுவில் ஒரு கொமா போட்டிருந்தேன். ஜாவாஸ்கிரிப்ட் அதிலும் வெட்டியிருந்தது. ஒரு கிணற்றுக்கு ஒரு சொந்தக்காரர்தான் என்று அதற்கு நான்தானே சொல்லிக்கொடுத்தேன்...

அதே புத்தகத்தில் ஜேசன் (JSON) என்று ஒன்று இருந்தது. அணியை வெட்டாமல், உள்ளே இன்னோர் அணி இருந்தால் அதையும் குலைக்காமல், முழுதாக அந்தப் பக்கம் கொண்டுபோகிற முறை. ஒரே ஒரு வரி. சொந்தக்காரர் என்ற இடத்தில் ஒரு சின்ன அணி வைத்து, இரண்டு பெயரையும் ஒரே அடைப்புக்குறிக்குள் எழுதினேன்.

மதுரா ஒன்பதரைக்கு வந்தாள். நேரே எங்கள் கிணற்றைத் தொட்டாள். வந்த பெயர்களைப் படித்தாள்.

"எங்கடை அப்பான்ரை பேர் முதல் கிடக்கு."

"ஓம்."

கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தாள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

பின்னேரம் இரண்டு அப்பாமாரும் வந்தார்கள், தனித்தனியாக. ஆனால் ஒரே கிணற்றைப் பார்க்க ஒரே திரைக்கு முன்னால்தான் நிற்கவேண்டியிருந்தது. அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

"என்ன பிள்ளை, நான் ரெண்டாவதோ?"

"அகர வரிசையப்பா."

"அப்ப சரி."

செல்வராசா மாமா மற்றப் பக்கம் திரும்பி மீசையைத் தடவினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று மதுரா இன்றைக்கும் சத்தியம் பண்ணுவாள்.

அதற்காக அவர்கள் கதைக்கத் தொடங்கிவிடவில்லை.

இப்போது அந்த ஒரு வரியைப் பார்க்காமலே எழுதிவிடுவேன். மதுரா வர்த்தகம் படிக்க வேறு பாடசாலைக்குப் போய்விட்டாள். இரண்டு வீட்டிலும் மோட்டாரும் தண்ணீர்த் தாங்கியும் வந்துவிட்டன. விடியப்புறத்தில் கிணற்றடிக்கு யாரும் போவதில்லை.

இன்று காலை கரண்ட் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு போனேன். மற்றப் பக்கமும் கப்பி கிறீச்சிட்டது. உள்ளே இரண்டு வாளியும் முட்டிக்கொண்டன.

"உன்ரை அந்தக் கிணத்துப் படம் இன்னும் இருக்கோடி?" மதிலுக்கு அங்காலிருந்து மதுரா.

"பாடசாலைக் கொம்பியூட்டரை மாத்திப்போட்டினம். என்னட்டை மட்டும் கிடக்கு."

"அப்ப ஆழத்தை மாத்து. தண்ணி நல்லாக் கீழை போட்டுது."

கரண்ட் வந்ததும் அந்தக் கோப்பைத் திறந்தேன். ஆழத்தை மாற்றினேன். பக்கத்தில் அந்த அடைப்புக்குறிக்குள் இரண்டு அப்பாமாரும் அப்படியே, பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

அதில் நான் கைவைக்கவில்லை.