துண்டை எடுக்காத தொரை

போன வாரம் எலவனாசூர்கோட்டை பக்கம் என் பெரியப்பா நிலத்தில் ஒரு சின்னக் கலவரம். காரணம் — ஒரு துண்டு.

அங்கே கூலி வேலை செய்பவர் தொரை. நிஜப்பேர் வேறு. பிறவியிலேயே தோல், முடி, புருவம் எல்லாம் வெள்ளை. அதனால் ஊர் வைத்த பேர். அவர் காது நுனியில் ஒரு புண். மாசக்கணக்கில் ஆறவில்லை. யாரோ அக்கி என்று சொல்லிக் காவிமண் பூசிவிட, மனுஷர் சிவப்புக் காதோடு கரும்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். என்னத்தைச் சொல்ல!

கள்ளக்குறிச்சி டாக்டர் பார்த்ததுமே சந்தேகப்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தோல் கேன்சர். நல்லவேளை, ஆரம்பம்தான். நுனியை வெட்டித் தையல் போட்டார்கள்.

“தோல்ல இருக்கிற கறுப்புதான் வெயிலைத் தடுக்குது. உங்களுக்கு அது இல்லை. முழுக்கை சட்டை போடுங்க. காதை மூடித் துண்டு கட்டுங்க. வெயில்ல எடுக்கவே கூடாது” என்றார் டாக்டர்.

சொல்வது சுலபம். நிலத்துக்காரர் வரப்பில் தலை காட்டினால், கூலிக்காரரின் தலைத்துண்டு கக்கத்துக்கு இறங்க வேண்டும். இது எங்கள் பக்கத்து வழக்கம். டாக்டருக்குத் தெரியுமா?

தொரை துண்டு கட்டி வேலைக்கு வந்த அன்று பெரியப்பா கரும்புக் கொல்லைக்குப் போனார். நானும் கூடப் போனேன். எல்லாத் துண்டும் இறங்கியது, தொரையுடையது தவிர.

பெரியப்பா ஏற்கெனவே கடுப்பில் இருந்தார். தொரையின் சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டு மறியல்... உளுந்தூர்பேட்டை ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டதில் அவர் கரும்பு லாரி பாதி வழியில் நின்றிருந்தது.

“இன்னாடா, ரோட்டுல பண்ணது போதாதுன்னு இங்கயும் போராட்டமா? எட்றா துண்ட!”

இந்த வேலையும் போனால் தொரையை யார் கூப்பிடுவார்கள்? கை துண்டு வரைக்கும் போனது. எடுக்கவில்லை.

“எடுத்தா கேன்சரு மறுபடியும் வந்துடும்னு டாக்டர் சொல்லிக்கிறாருங்கய்யா” என்று ஒரு ஓரத்தை மட்டும் விலக்கிக் காட்டினார். காதில் நுனி இல்லை.

பெரியப்பா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். “கட்டிக்கடா... நல்லா இழுத்துக் கட்டு” என்று நகர்ந்துவிட்டார்.

கறுப்புத் தோல்காரர்களே, நீங்களும் மிதப்பில் இருக்க வேண்டாம். நமக்கு ஆபத்து கம்மி, அவ்வளவுதான். ஆறாத புண்ணோ, வளர்கிற மச்சமோ இருந்தால் காவியைத் தேடாதீர்கள். டாக்டரைப் பாருங்கள்.

மறுநாள் பெரியப்பா கரும்புக் கொல்லைக்குப் போனால்... ஒரு துண்டுகூட இறங்கவில்லை!

“உங்களுக்கெல்லாம் இன்னாடா வந்துச்சி? உங்களுக்குமா கேன்சரு?”

வரிசையில் கடைசியாக நின்றவர் ரொம்பப் பணிவாகச் சொன்னாராம்:

“இல்லீங்கய்யா... வராம இருக்கத்தான்!”