பதிமூணு ஏ

புது ஆட்களின் கதவைத் தட்டுவதென்றால் சந்திரகலாவுக்குக் கை கூசும். இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டவள். பேசுவதைவிடப் பார்ப்பது அதிகம். கையுறைத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தபோது இந்த வேலை கிடைத்தது. ஒரு பல்கலைக்கழகம் கிள்ளான் நகரில் இருமலைப் பற்றி ஆய்வு நடத்தியது. வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளில் உள்ளதைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும்.

பயிற்சி ஒரே ஒரு காலை. மேற்பார்வைக்கு இருந்த உஷாராணிக்கு இருபத்தாறு வயதிருக்கும். எண்ணெல்லாம் ஒரே இனமில்லை என்றாள். வீட்டில் எத்தனை பேர் என்பது எண்ணிச் சொல்வது. உடம்பின் எடை அளந்து சொல்வது. இருமல் 'இல்லை, கொஞ்சம், ரொம்ப' என்பது வெறும் வரிசை. கொஞ்சத்துக்கும் ரொம்பத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று யாராலும் சொல்ல முடியாது. கதவு நம்பரோ பெயர் மட்டும்தான்.

"பதினாலாம் வீடு ஏழாம் வீட்டைவிட ரெண்டு மடங்கு இல்லக்கா. அது பேரு. பேரு ஒண்ணும் செய்யாது."

அதைக் கணவன் ராஜனிடம் சொல்ல நினைத்தாள், வாய் வரவில்லை. செந்தூலில் அவர்கள் வீட்டுக் கதவில் 13A என்று இருந்தது. சீனவங்க பேச்சில் நாலு என்பது சாவு போலக் காதில் விழுமாம். அதனால் கட்டடக்காரர்கள் நாலை மறைத்து மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு 'ஏ' போட்டுவிடுவார்கள். குடிவந்த புதிதில் ராஜன் கேலி பேசினான், நாலுக்குத் தமிழ் தெரியாது லா என்று. இரண்டு மாத இருமல் அந்தக் கேலியைத் தின்றுவிட்டது. கதவில் எலுமிச்சம்பழம் கட்டினான். கிளினிக்குக்கு வரமாட்டேன், வீடு மாறினால் சரியாகிவிடும் என்றான். அவன் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை விழுந்திருந்தது.

கிள்ளானில் அவளுக்குக் கொடுத்த இடம் பழைய அடுக்குமாடி. மூன்று புளோக், புளோக்குக்கு முப்பது வீடு. எல்லா வீட்டுக்கும் போகத் தேவையில்லை, பத்துக்கு ஒன்று போதும். எந்த வீட்டில் தொடங்குவது என்று உஷாராணி பத்துச் சீட்டுகளை மைலோ டின்னில் போட்டுக் குலுக்கினாள். நாலு வந்தது. ஆக நாலு, பதினாலு, இருபத்துநாலு. அடுத்த புளோக்குகளிலும் அப்படியே. கதவு திறக்கவில்லையென்று பக்கத்து வீட்டுக்குப் போகவே கூடாது.

முதல் புளோக்கில் மூன்றாம் வீட்டுக்கு அடுத்து நாலாம் வீடு இல்லை. அந்த இடத்தில் 3A. நடுப்பகல்தான், ஆனாலும் அந்த நடைபாதையில் குளிர்ந்தது. உள்ளே சுவரில் மாலை போட்ட படம். பன்னிரண்டாம் கேள்வி: மூன்று வருடத்துக்குள் குடும்பத்தில் யாராவது இறந்தார்களா? ஆம். 13A-இல் வாசலில் ஓர் ஆணின் செருப்பு, தூசி படிந்து. ஆம். 23A-இல் ஒரு சிறு பிள்ளையின் படம். ஆம்.

இரண்டாம் புளோக்கில் கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் புளோக்கின் இரண்டாம் கதவு வரை எட்டு வீடு, எட்டு ஆம். ஒவ்வொரு முறை அந்தக் கட்டத்தில் கோடு போட்டபோதும், தன் வீட்டுக் கதவுக்கு உள்ளே யாரோ இருமுவது கேட்டது.

ஒன்பதாவது நூருன்னிசாவின் வீடு. ஆணியில் ஒரு தொப்பி தொங்கியது, அதைப் போட ஆளில்லை. ஆம் என்றாள், பிறகு தேநீர் ஊற்றினாள். சந்திரகலா எழுந்தாள், உட்கார்ந்தாள். தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"இங்க வந்தப்புறமா அக்கா? வர்றதுக்கு முன்னயா?"

"முன்னதான். அவரு இருந்திருந்தா நான் ஏன் இந்த வீட்டுக்கு வரேன்? நாலாம் நம்பரை யாரும் எடுக்கமாட்டாங்க, வாடகை கம்மி. எங்கள மாதிரி ஆளுங்கதான் வருவோம்."

சந்திரகலா படியேறி இறங்கி எட்டுக் கதவுகளையும் மறுபடி தட்டினாள். அன்று கை கூசவில்லை. ஏழு வீட்டில் குடிவருவதற்கு முன்பு. ஒரு வீட்டில் மட்டும் பின்பு. அங்கே இறந்தது எண்பத்தொன்பது வயது அம்மா. எல்லாவற்றையும் ஓரத்தில் எழுதினாள். பிறகு உஷாராணியைக் கூப்பிட்டு, திக்கித் திக்கி, பட்டியலில் 'ஏ' போட்ட வீடு மட்டுமே விழுந்திருக்கிறது என்றாள்.

உஷாராணி பட்டியலை எடுத்துப் பார்த்தாள். குலுக்கல் சரிதான், ஆனால் பத்துப் பத்தாகத் தாண்டினால் நாலில் முடியும் அதே கதவுதான் வந்துகொண்டிருக்கும் என்றாள். இப்படியே விட்டிருந்தால் இந்த அடுக்குமாடியே செத்த வீடு என்று தாள் சொல்லியிருக்கும். இனி ஏழுக்கு ஒன்றாக எடுப்போம் என்றாள்.

வீட்டில் ராஜன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவள் எதிரே உட்கார்ந்து வெற்றுத்தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருமல் வந்தது இங்க வர்றதுக்கு முன்னயா, வந்தப்புறமா?"

"வந்தப்புறம்தான். உனக்குத் தெரியாதா?"

அவள் எழுதவில்லை. சாமான் லோரி வந்த நாளை நினைத்துப் பார்த்தாள். இரண்டாம் மாடிப் படியில் அவன் உட்கார்ந்து இருமினான். கீழ்வீட்டு சீன ஆன்டி தண்ணீர் கொண்டுவந்தாள். அப்போது கதவுச் சாவி சந்திரகலாவின் கையில் இருந்தது. கதவு இன்னும் திறக்கவில்லை. அதையும், கிள்ளானில் கேட்டதையும் சொன்னாள்.

ராஜன் கதவில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான்.

"அந்தக் கிள்ளான்ல ஒரு வீட்டுல அப்புறம்னு சொன்னாங்கன்னியே."

"ஒண்ணு. அந்தம்மாவுக்கு எண்பத்தொம்பது."

காலையில் அவன் சட்டை போட்டுக்கொண்டான். கிளினிக்கில் இயந்திரம் சீட்டைத் துப்பியது: 1014. அவன் கை நின்றது. சந்திரகலா அதை வாங்கி, அவனுடைய நம்பரைத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். திரையில் 1013 மறைந்தது. அடுத்ததாக 1013A வரவில்லை. 1014 வந்தது. அவனைக் கூப்பிட்டார்கள்; இருமிக்கொண்டே எழுந்து போனான்.