பீச்சாங்கைக்காரியின் கறிவிருந்து

எந்தக் கை ஊட்டுகிறது என்று எந்த வயிறாவது கேட்டதுண்டா? என் வயிறு கேட்டதில்லை. ஊர்தான் கேட்டது.

நான் பிறவியிலேயே இடது கைக்காரி. கோவில்பட்டியில் வலது கைக்குப் பெயரே சோத்தாங்கை. இடது கை பீச்சாங்கை. பேர் வைத்தபோதே தீர்ப்பும் எழுதிவிட்டார்கள், பாவிகள்! அம்மா என் இடது கையில் வேப்பெண்ணெய் தடவினாள், ரிப்பனால் முதுகோடு கட்டினாள். கசப்போடு தின்னப் பழகினேனே தவிர, கை மாறவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம். மறுநாள் புதூர்ப் பக்கம் மாப்பிள்ளை வீட்டில் கறிவிருந்து. "இந்த ஒரு நேரம் மட்டும் சோத்தாங்கையால தின்னுரு தாயி" என்று அம்மா கெஞ்சினாள். சரி என்றேன்.

பந்தியில் வலது கையால் பிசைந்தேன். முதல் கவளம் வாய்க்குப் போனது, இரண்டாவது பட்டுச்சேலையில் விழுந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இடது கையைக் கழுவி இலையில் வைத்தேன்.

"ஏட்டி, என்ன இது, பீச்சாங்கையால திங்குத? எந்திரி. இனிமே அடுக்களையில தனியாத் தின்னு" என்றார் மாமியார்.

இன்று எழுந்தால் ஆயுசு முழுக்க மூலையில் ஒளிந்துதான் தின்ன வேண்டும். பக்கத்தில் என் வீட்டுக்காரர் இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை.

"பந்தியில பாதியில எந்திரிச்சா மரியாதை இல்லம்பாங்களே, அத்தை" என்றேன்.

எதிரே கொழுந்தனார். பம்பாயில் ஓட்டல் வேலை. அவருக்கு மட்டும் பீங்கான் தட்டு. வலது கையில் கத்தியால் கறியை அறுத்து, இடது கை முள்கரண்டியால் வாயில் போட்டுக்கொண்டிருந்தார். 'தொரை கணக்கா திங்குதான் பாரு' என்று சற்றுமுன்தான் அவர் அம்மா பூரித்துப்போனார்.

"தம்பி எந்தக் கையால திங்குதாரு, அத்தை?"

கொழுந்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அது நாகரிகம்டி! கரண்டி!" என்றார் மாமியார்.

"அப்போ ஒரு கரண்டியப் பிடிச்சா என் கையும் சுத்தமாயிருமா?"

அந்நேரம் பார்த்து ரச வாளியோடு பரிமாறுகிறவர் வந்தார். இடது உள்ளங்கையைக் குவித்து நீட்டினேன். அவர் மாமியார் முகத்தைப் பார்த்தார்.

"அங்கன என்ன பாக்கீங்க, அண்ணாச்சி? பசிக்குது எனக்கு. ஊத்துங்க."

ஊற்றினார். அத்தனை பேரும் பார்க்கக் குடித்துவிட்டு, மறுபடியும் நீட்டினேன்.