அம்மன் இருந்த வீட்டு வாசலில் வந்து நின்ற சக்கர நாற்காலி

1978ஆம் வருடம் சித்திரை மாதம். என் வீட்டுக்காரர் பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியாமல் பதினோரு நாள் தவித்தேன். அதில் நான் செய்த தப்பையும் சேர்த்தே உங்கள் முன்னால் சொல்கிறேன். தப்பை மறைத்துவிட்டு ஆத்தாளின் அருளை மட்டும் சொன்னால் அது பாதிப் பேச்சுதான்.

எங்களுக்குக் காரைக்கால் பக்கம் சுரக்குடி. அவர் பட்டாளத்தில் இருந்தவர். வடக்கே மலைப்பாதையில் அவர் போன ராணுவ வண்டி உருண்டு முதுகுத்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. இவரை நடக்க வைத்துவிடு தாயே என்று எங்கள் தெரு மாரியம்மனிடம் நான் கேட்காத வெள்ளிக்கிழமை இல்லை.

அந்தச் சித்திரையில் பால்குடம் எடுத்தேன். அவரை மர நாற்காலியோடு நான்கு பேர் கோயிலுக்குத் தூக்கி வந்தார்கள். சந்நிதிக்கு எதிரே கூரை இல்லாத கருங்கல் தரை. பூசாரி என்னைப் பார்த்து, "நாற்காலியிலேயே இருக்கட்டும்மா, வெயில் ஏறிப்போச்சு" என்றார்.

எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. "ஆத்தா முன்னாடி நாற்காலி போட்டு உக்கார்றதா? தரையில எறக்குங்க" என்றேன். இறக்கினார்கள். அபிஷேகம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். 

மறுநாள் உடம்பு துடைத்துவிடும்போது பார்த்தேன். உட்காரும் இடத்தில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. சாயந்திரம் ஜுரம் கண்டது. எங்களோடு இருந்த அவருடைய அக்கா பார்த்தவுடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா எறங்கியிருக்காடி சரோஜா. பால்குடம் எடுத்தியில்ல, வீட்டுக்கே வந்துட்டா. ஊசி கீசின்னு எங்கயும் போயிடாத" என்றார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நிலையில் வேப்பிலை செருகினோம். படுக்கையில் வேப்பிலை பரப்பினோம். சமையலில் தாளிப்பதை நிறுத்தினோம். வெளி ஆட்களை உள்ளே விடவில்லை. அம்மை என்றால் முகத்தில், மார்பில் போட வேண்டாமா என்று ஒரு கேள்வி எனக்கு வரத்தான் செய்தது. ஆத்தாளைச் சந்தேகப்படுகிறோமே என்று பயந்து அதை விழுங்கிவிட்டேன்.

கொப்புளங்கள் உடைந்தன. ஓரம் கறுத்தது. ஏழாம் நாள் வாடை வந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தோம், ஜுரம் இறங்கவே இல்லை. அவர் கண்ணைத் திறக்காமல் யாருக்கோ இந்தியில் உத்தரவு போட்டார். எனக்கு அடுப்பில் வேலை ஓடவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டுப் போனால் மறுபடி பயம் வந்துவிடும்.

பதினோராம் நாள் காலை கோயிலுக்கு ஓடினேன். கதவு திறந்திருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "கால் வேணாம் தாயே. நடக்க வேணாம். ஆள மட்டும் விட்டுடு. எனக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்சவங்க யாரையாச்சும் அனுப்பு." இவ்வளவுதான் என் பிரார்த்தனை.

பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பின்னாலிருந்து ஒரு சக்கர நாற்காலியை இறக்கினார்கள். கையூன்றி அதில் மாறி உட்கார்ந்தவர் ஹவில்தார் ராஜமாணிக்கம். முதுகுத்தண்டு அடிபட்ட முன்னாள் ராணுவத்தினருக்காக மெட்ராசில் ஒரு சங்கம் இருந்தது. சக்கர நாற்காலி கேட்டு என் வீட்டுக்காரர் மாசியில் அவர்களுக்கு எழுதியிருந்தார். விசாரிக்க ஆள் வருவார் என்று ஒரு கார்டு வந்தது. அந்த ஆள்தான் இந்த ஹவில்தார்.

நான் நிலையை மறித்துக்கொண்டு நின்றேன். "உள்ள வராதீங்க. வீட்ல அம்மா இருக்கா."

அவர் கோபப்படவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். "சரிம்மா, வரல. இப்படியே இருந்து பேசறேன். முகத்துல நெறயப் போட்டிருக்கா?"

"முகத்துல இல்லீங்க."

"பின்ன எங்க?"

அந்நிய ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். அக்காதான் உள்ளேயிருந்து, "உக்கார்ற எடத்துல மட்டும்" என்றார்.

அவர் முகம் மாறிப்போனது. "எனக்கும் அங்கதாம்மா வந்துச்சு. அது அம்மை இல்ல, புண்ணு. நம்மள மாதிரி ஒடம்புக்குச் சுட்டாலும் தெரியாது. வெயில்ல, தரையில, எங்கயாச்சும் உக்கார வச்சீங்களா?"

கோயில் கருங்கல் தரைதான் கண் முன் வந்தது. என் வீட்டுக்காரருக்குக் கால் வராது என்று தெரியும். சூடு தெரியாது என்பது ஒரு நாளும் தோன்றவில்லை. அந்தக் கல்லில் அவரை உட்கார வைத்தது நான்தான்.

"ஆத்தா இருக்கிற ஒடம்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கப்படாது" என்று அக்கா குறுக்கே வந்தார். காலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆளை அனுப்பு என்று கேட்டேன். வந்த ஆளை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நிலையிலிருந்த வேப்பிலையை நானே உருவினேன். "தூக்குங்க" என்றேன்.

நிலைப்படி உயரம், ஹவில்தாரால் உள்ளே வர முடியவில்லை. தூக்க வந்த டிரைவருக்கும் எங்களுக்கும் வெளியிலிருந்தே சொல்லிக்கொடுத்தார். "குப்புறப் போடுங்க. புண்ணு மேல பாரம் படக் கூடாது." காரின் பின் சீட்டில் இவரைக் குப்புறக் கிடத்தியதும் இடம் நிறைந்துவிட்டது. "நீங்க போங்கம்மா, நான் மரத்தடியில இருக்கேன்" என்று தன் காரையே கொடுத்துவிட்டார்.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் என்னைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். அப்புறம் அழுகின சதையை வெட்டி எடுத்து இவரைக் காப்பாற்றினார். மாற்றுத் துணி எடுக்க அந்தக் காரிலேயே சாயந்திரம் வீட்டுக்கு வந்தேன். ஹவில்தார் வேப்பமரத்தடியில் அப்படியே இருந்தார். அக்கா அவருக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். கடுகு, கறிவேப்பிலை தாளித்த மோர். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வெடித்தது.

புண் ஆற மூன்று மாதம் ஆனது. சங்கம் சக்கர நாற்காலியும் மெத்தையும் அனுப்பியது. அடிக்கடி கையூன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளவும், கைக்கண்ணாடி வைத்துத் தினமும் பின்பக்கம் பார்க்கவும் ஹவில்தார் கடிதம் எழுதிச் சொல்லிக்கொடுத்தார். ஏழு வருடம் ஆகிறது. காலையில் கண்ணாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விளக்கேற்றுகிறேன். அதுவும் எனக்குப் பூஜைதான்.

இவர் நடக்கவில்லை. நான் இப்போது கேட்பதும் இல்லை. கோயிலில் ஆத்தாளுக்கு எதிரே நாற்காலியிலேயே உட்கார்ந்து கும்பிடுகிறார். போலகம் கிராமத்தில் பனையிலிருந்து விழுந்து முதுகு போன ஒருவரை, பட்டாளத்தான் இல்லாவிட்டாலும், மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு உங்கள் வாசலையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டு நிலைப்படியை நாங்கள் இடித்துவிட்டோம். இப்போது அங்கே சிமெண்டுச் சரிவு இருக்கிறது. ஆத்தாள் யாரை அனுப்பினாலும் சக்கரத்தோடு உள்ளே வரலாம்.