இரண்டு பேருக்கு மட்டுமான கார்

அந்தக் காரின் அழகில் மயங்கி வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். அதில் இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாது என்பதற்காகவே வாங்கினேன். நோயாளியை ஏற்றிக்கொண்டு போ என்று யாரும் என்னிடம் கேட்க முடியாத ஒரு வண்டி எனக்கு வேண்டியிருந்தது. அப்படியொன்று கிடைத்தது. அதனால் கேடு வந்தது என் சிநேகிதனுக்கு.

பொகவந்தலாவைக்குப் போகும் ரோட்டின் ஓரத்தில் என் வீடு. பின்னால் மேடேறினால் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். படித்து ஆசிரியராகி, அதிபராக ஓய்வு பெற்று, லயத்திலிருந்து கூப்பிடு தூரத்திலேயே வீடு கட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவருக்கு அந்த வண்டி முழுதாகச் சொந்தமில்லை. பிரசவ வலி, நெஞ்சு வலி, மலையில் குளவி கொட்டு, எதுவானாலும் வண்டி நிற்கும் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருக்கும். அம்புலன்ஸ் வேறோர் ஊரில் நிற்கும். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. தண்ணீர் கேட்டால் கொடுப்பது மாதிரி.

அப்போது என்னிடம் ஒரு வேன் இருந்தது. கதவைத் திறப்பது எப்போதும் என் மனைவிதான். சீட்டில் விரிக்க ஒரு பழைய படுக்கை விரிப்பு, வாந்தி எடுத்தால் பிடிக்க ஒரு பேசின், சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் அவளே எடுத்து வைப்பாள். நான் வெறும் டிரைவர். டீசலுக்கு என்ன செலவு என்று ஒருவரும் கேட்டதில்லை. இரண்டொரு நாள் கழித்து வாசலில் ஒரு பூசணிக்காயோ கீரைக்கட்டோ கிடக்கும், அவ்வளவுதான். நான் முணுமுணுப்பேன். "எவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?" என்பேன்.

"கேட்டா வாங்கிருவீங்களா?" என்பாள் அவள். "அப்புறம் என்ன?"

அவளும் கடைசியாக அந்த வேனில்தான் போனாள், அதே விரிப்பின்மேல். அதன்பிறகு கதவு தட்டப்படும்போதெல்லாம் நான் நாற்காலியை விட்டு எழாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். தட்டுகிறவர் வேறு எங்காவது போய்விட மாட்டாரா என்று காத்திருப்பேன். பிறகு எழுந்து போவேன். கனடாவிலிருக்கும் மகள் தொலைபேசியில், "வித்துருங்கப்பா, உங்களுக்கு எதுக்கு வேனு?" என்றாள். விற்றேன். ஆனால் வண்டியே இல்லாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

என் சிநேகிதனும் நானும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். சின்ன வயதில் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்குப் போய், கார்ப் பந்தயத்தை வேலிக்கு வெளியே மண்மேட்டில் நின்று பார்ப்போம். கார் வளைவு எடுக்கும் சத்தத்தை அவன் வாயாலேயே போடுவான். லயத்துக்குத் திரும்பியும் நாள் கணக்கில் போடுவான். நான் படிக்கப் போனேன். அவன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனான், பின்னாளில் தோட்டத்துக் காவல்காரனானான். ஆனாலும் என்னை "டேய் வாத்தி" என்று கூப்பிட ஊரில் அவன் ஒருவன் மிச்சமிருந்தான். அவன் மனைவிக்கு நான் "அண்ணே".

ஹட்டனில் பழைய வண்டிகள் வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம்தான் அந்தக் கார் நின்றது. சிவப்பு நிறம், தாழ்ந்த உடம்பு, மேலே கன்வஸ் கூரை. அந்தக் காலத்து ஜெர்மன் பந்தயக் காரின் நகல். பழைய பீட்டில் காரின் அடித்தட்டிலும் எஞ்சினிலும் கண்ணாடி இழையால் உடம்பு செய்து பூட்டியிருந்தார்கள்.

"மாஸ்டர், நான் பொய் செல்ல மாட்டேன்," என்றார். "இது ஒரிஜினல் இல்ல. ஒரிஜினல்னா நீங்களும் நானும் கிட்டப் போய் நிக்கக்கூட ஏலாது."

"மழைக்கு ஒழுகுமா, நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"ஒழுகும். அதையும் இப்பவே செல்லிட்டன்."

வேன் விற்ற பணம்தான் என் எல்லை. பென்ஷனில் கைவைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். உடம்பைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தேன். முன்பக்க விளக்கருகே ஒரு வெடிப்பைப் பட்டி மாவு பூசி மறைத்திருந்தது சத்தத்தில் தெரிந்தது. தரைவிரிப்பைத் தூக்கினால் அடித்தட்டில் துரு. பதிவுப் புத்தகத்தில் உடம்பு மாற்றம் முறையாக எழுதப்பட்டிருந்ததா என்று பார்த்தேன், எழுதப்பட்டிருந்தது. எஞ்சின் பின்னால், காற்றில் குளிர்வது. மேட்டில் கொதிக்காது. வெடிப்பையும் துருவையும் சொல்லி விலையைக் குறைத்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கணக்கு வாத்தியாருக்கு யாவாரம் செஞ்சா நான் கடையப் பூட்ட வேண்டியதுதான்!"

கடைசியில் இடது பக்கத்து இருக்கையின் கீழிருந்த கம்பியை இழுத்துக் காட்டினார். சீட் பின்னால் முழுக்கச் சாய்ந்தது. "ஜப்பான் கார்ச் சீட்டு, மாஸ்டர். தூங்கிட்டே போகலாம்."

நான் தலையாட்டினேன். என் மனம் வேறொன்றில் இருந்தது. இரண்டே சீட். பின்னால் ஒரு பெட்டி வைக்கக்கூட இடமில்லை. நல்லது.

கார் வந்த அன்று லயமே ரோட்டுக்கு இறங்கிவிட்டது. சிநேகிதன்தான் முனியாண்டி கோயில் முன்னால் தேங்காய் உடைத்தான், சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தான்.

"மாஸ்டர், இதுல மாமியார ஏத்த முடியாதே!" என்றார் ஒருவர்.

"அதுக்குத்தானேப்பா வாங்கியிருக்காரு!" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிநேகிதன் ஏறி உட்கார்ந்து, கம்பியைக் கண்டுபிடித்து, சீட்டைச் சாய்த்துக் கையைத் தலைக்கு வைத்து மல்லாந்து படுத்துக்கொண்டான். "டேய் வாத்தி, கட்டிலுடா இது! பெரிய தொரை மாதிரி இருக்கேன் பாரு." அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எந்திரிங்க, எல்லாரும் பாக்குறாங்க," என்றாள். கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை அவனை ஓட்டிப் போனேன். வளைவு வந்ததும் பழைய சத்தத்தை வாயால் போட்டான். நரைத்த தலையோடு.

அன்றிலிருந்து என் கதவை யாரும் தட்டவில்லை. யாருக்கும் கோபமில்லை, வண்டி உதவாது, அவ்வளவுதான். முதலில் நீண்ட விடுமுறை மாதிரி இருந்தது. பிறகு, நோயாளிகள் வராத வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை என்பது விளங்கியது. பூசணிக்காயும் வரவில்லை. சிநேகிதன் மட்டும் மாலையில் வந்து காரின் பம்பரைத் துடைத்துவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மழை. அவன் மனைவி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணே, அவருக்கு வாய் கோணிக்கிட்டுப் போகுது. ஒரு கை தூக்க முடியல. அம்புலன்சுக்குப் பேசியாச்சு, அது வேற பக்கம் போயிருக்காம், வர நேரமாகும்ங்கிறாங்க. த்ரீவீலர் ஒண்ணையும் காணோம்."

நான் சொன்னேன்: "இதுல எப்படிம்மா? ரெண்டு சீட்டுதானே. படுக்க வச்சுக் கொண்டுபோக வேண்டிய ஆளு."

யோசித்துச் சொன்னதல்ல. கார் வாங்கிய நாளிலிருந்து அந்த வாக்கியத்தை நான் தயாராக வைத்திருந்தேன். யாருக்காகவோ வைத்திருந்தது, அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. சீட் சாயும் என்பது சொல்லி முடிக்கும்போதே எனக்கு நினைவு வந்தது. வந்தும் வாயைத் திறக்கவில்லை. இப்போது மாற்றிச் சொன்னால் முதலில் சொன்னது பொய்யென்று ஆகிவிடுமே என்று இருந்தது. மனிதன் எவ்வளவு அற்பமான காரணத்துக்காகச் சும்மா இருக்கிறான்.

அவள் காரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரிங்கண்ணே," என்று திரும்பிப் போனாள். அதுதான் அவள் கடைசியாக என்னை அண்ணே என்றது.

கம்பளியில் தூக்கி, கொழுந்து லொறி வந்து சேர்ந்த பிறகு அதில் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டான். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னதாக லயத்தில் பேசிக்கொண்டார்கள். என் முன்னால் யாரும் சொல்லவில்லை.

காரை ஹட்டனுக்கே கொண்டுபோனேன். வியாபாரி கேள்வி எதுவும் கேட்கவில்லை. சங்கதி அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். நட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, ஓடித் தேய்ந்த ஒரு சின்ன வேனை வாங்கி வந்தேன். மனைவியின் பேசினைத் தேடி எடுத்து உள்ளே வைத்தேன். கோயிலில் எல்லோரும் இருக்கும்போது, எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். "சரிங்க சார்" என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. ரோட்டில் த்ரீவீலர் ஏறி இறங்கும் சத்தம் கேட்கும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சிநேகிதன் வீட்டுக்குப் போனேன். வீட்டு முன்புற இஸ்தோப்பில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கினான். அவள் தேத்தண்ணி தந்தாள். கிளினிக்குக்கு நான் கூட்டிப் போகிறேன் என்றேன்.

"வேணாங்க சார். த்ரீவீலர் சொல்லி வச்சிருக்கோம்."

ஒரு மழைநாள் கதவு தட்டப்பட்டது. இந்த முறை உட்கார்ந்திருக்கவில்லை. அவள்தான். "சார், த்ரீவீலர் ஒண்ணும் கெடைக்கல. இன்னைக்கு கிளினிக்."

அவனை என் பக்கத்தில் உட்கார வைத்தோம், அவள் பின்னால். மடுவத்து வளைவு வந்தபோது அவன் இடது உள்ளங்கையைத் தரையைப் பார்த்துத் தாழ்த்திக் காட்டினான். பிறகு ஸ்டியரிங் பிடிப்பதுபோல் திருப்பினான். அந்தத் தாழ்ந்த கார் எங்கே என்கிறான்.

"வித்துட்டேன்டா."

என் தொடையில் ஓங்கி ஓர் அடி போட்டான். வருத்தம், அந்தக் காருக்காக. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வண்டியை ஓரம்கட்டிச் சொன்னேன்: "அன்னைக்கு உன்னைய அதுலயே கொண்டுபோயிருக்கலாம்டா. சீட்டு சாயும். தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்."

அவன் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது, கோபம் இல்லாமல்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார். அவரு அதுல படுத்தப்ப நானும் அங்கதான நின்னேன்."

ஆஸ்பத்திரி வாசலில் அவனைத் தாங்கி இறக்கினேன். அவள் பையைத் திறந்துகொண்டு நின்றாள்.

"எவ்வளவு சார்?"

"ஐயோ, ஒண்ணும் வேணாம்மா."

அவள் மடித்த நோட்டைச் சீட்டில் வைத்தாள். "நீங்க போங்க சார். நாங்க பஸ்ல வந்துருவோம்." நான் போகவில்லை. வாசலுக்கு எதிரே வேனுக்குள்ளேயே இருந்தேன். வெளியே வந்ததும் அவர்கள் பஸ் நிறுத்தத்துக்குத்தான் நடந்தார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் கைகொடுத்து அவனைப் படியேற்றினார்கள்.

த்ரீவீலர் கிடைக்காத கிளினிக் நாட்களில் இப்போதும் வந்து கதவைத் தட்டுகிறாள். போகிறேன். அவன் முன் சீட்டில் கண்ணாடியைப் பார்த்தபடி வருகிறான். இறங்கும்போது அவள் பணம் தருகிறாள். வாங்கிக்கொள்கிறேன். மறுத்தால் அடுத்த முறை வரமாட்டாள்.