விற்கிற கம்பளி

நமுனுகுலை மலையில் பனி உறைந்து கிடக்கிறதென்று கேட்டு, குடும்பத்தோடு பார்க்கக் கிளம்பினோம். பதுளையில் கம்பளி விற்கிறவர்கள் நாங்கள், ஒருவரும் போர்த்தியிருக்கவில்லை. கம்பளி, காலுக்குச் சப்பாத்து, சூடான கோப்பி மூன்றும் வேண்டுமென்று, தாதிப் பயிற்சி முடித்த நான் சொன்னதற்குச் சித்தப்பா சிரித்தார். மேல்தோட்டத்துக் கங்காணிக்கு விற்க மட்டும் ஒரு கம்பளிக் கட்டைச் சுமந்துவந்தார்.

வெள்ளைப் புல்லில் வெறுங்காலோடு நடந்த தங்கையின் பாதங்கள் மரத்துப்போயின. கிள்ளினேன், அவளுக்குத் தெரியவில்லை.

"நெருப்புல காட்டும்மா, சரியாயிரும்," என்றார் சித்தப்பா. மரத்த கால் வெந்தாலும் தெரியாது என்பதை அறியாத மனிதர்.

"அந்தக் கம்பளிக் கட்டைக் குடுங்க சித்தப்பா."

"விக்கிற சரக்கும்மா. பிரிச்சா பழசாயிரும்."

பிடுங்கிக் கயிற்றை அறுத்தேன். தங்கையின் கால்களைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். விரல்கள் சிவந்து அவள் வலியில் அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சித்தப்பா அறுந்த கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.