மதகுச் சாவியும் கல்யாணப் பத்திரிகையும்

எங்கள் வாய்க்கால் சங்கத்துக்கு நான் தலைவர். படிப்பு ஐந்தாவது. மதகுப் பூட்டுக்கு ஒரே சாவி. அது என் அரைஞாண் கயிற்றில் தொங்கும். சாவி வைத்திருப்பவன்தான் தலைவன் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. தெரியாத நம்பர். பத்திரிகை வந்து பார்க்காமல் விட்டால் மரியாதை இல்லை. திறந்தேன். உள்ளே பத்திரிகை இல்லை. போன் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. கொஞ்ச நேரத்தில் அதே பத்திரிகை என் நம்பரிலிருந்து சங்கத்தில் எல்லாருக்கும் போனது. தலைவர் வீட்டுக் கல்யாணம் என்று திறந்தார்கள். எனக்குக் கல்யாண வயதில் பிள்ளையே இல்லை.

போனை அணைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். கூத்தாநல்லூரில் தெரிந்த போன் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். துபாயில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை பார்த்துத் திரும்பியவர்.

"கெட்டது எப்படியும் உள்ள வரும்ண்ணே. வந்தாலும் வேலை ஓடணும். எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கக் கூடாது. ஏமாந்தா உடனே எல்லார்கிட்டயும் சொல்லிடணும். ஏற்பாடு சரியான்னு அப்பப்போ சோதிச்சும் பாக்கணும். ஆமா, இடுப்புல என்ன சாவி?"

"மதகுச் சாவி."

"இன்னொண்ணு?"

"கிடையாது."

அவர் சாவியை ஒரு தரம் பார்த்துவிட்டு டீ சொன்னார்.

அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு வாய்க்காலின் கடைசி வயல்களான கடைமடைக்குத் தண்ணீர் விடும் முறை. அங்கே ஒரு அம்மா நாற்றைப் பறித்து வைத்துவிட்டு நடவு ஆட்களோடு காத்திருந்தார். தண்ணீர் போகாவிட்டால் நாற்று வீண். டீயைக் குடிக்கவில்லை.

நான் வந்தபோது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மதகின் மேல் அந்த அம்மா கடப்பாரையோடு உட்கார்ந்திருந்தார்.

"பூட்ட உடைச்சிட்டேன் தலைவரே. போன் போட்டா போகல. கல்யாணம் நல்லா நடந்துச்சா?"

"இல்ல."

"சாப்பாடாவது போட்டாங்களா?"

சாயங்காலம் கூட்டம் போட்டு, ஏமாந்துவிட்டேன் என்றேன். சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், தாங்களும் திறந்ததாக ஏழு பேர் கை தூக்கினார்கள். ஏழு போனையும் கூத்தாநல்லூருக்கு அனுப்பினோம். புதுப் பூட்டுக்கு மூன்று சாவி போட்டோம். ஒன்று அந்த அம்மாவுக்கு.

பிறகு சோதனை. அடுத்த தண்ணீர் முறை நாளில் போனை அணைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போனேன். மறுநாள் திரும்பினேன். மதகு நேரத்துக்குத் திறந்து நேரத்துக்கு மூடியிருந்தது.

அந்த அம்மாவிடம், நேற்று யாராவது என்னைத் தேடினார்களா என்று கேட்டேன்.

"ஏன், ஊர்ல இல்லையா நீங்க?" என்றார்.